மன்னிப்புக் கேட்கப் போகும் வழி

தீங்கு செய்தவனைத் தீங்குக்கு ஆளானவன் மன்னித்துவிட வேண்டும் என்பதுதான் புத்த பகவானின் உபதேசம் என்றும், பழையதை மறந்து கூடி வாழ்வதே பௌத்தம் காட்டும் சமாதானம் என்றும் நம்மில் பலர் நெடுங்காலமாக எண்ணி வருகிறோம். பகையைப் பகையால் ஆற்ற முடியாது என்னும் கருத்துடைய தம்மபத வாக்கை அதற்குப் பிரமாணமாக எடுத்துக்காட்டுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. வாக்கு மெய்யானதே, ஆனால் அது யாரை நோக்கி, எந்தச் சமயத்தில், யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதைக் கவனியாமல் விட்டால், அடிபட்டவனை மறுபடியும் அடிக்கும் கோலாக அதே வாக்கு மாறிவிடக் கூடும். முறிந்த உறவை மீண்டும் பொருத்துவதற்குப் பௌத்தர்கள் வகுத்த வழி யாது என்று அறிய விரும்புகிறவர் தம்மபதத்தோடு நின்றுவிடாமல், பிக்ஷுக்களின் ஒழுக்கத்தையும் சங்கத்தின் நடைமுறைகளையும் விரித்துரைக்கும் விநயபிடகத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அதில் சுள்ளவக்கம் என்னும் பகுதியில் ஒரு வரலாறு வருகிறது. மச்சிகாசண்டம் என்ற ஊரில் சித்தர் என்ற செல்வர் ஒருவர் இருந்தார். இல்லறத்தில் இருந்துகொண்டே தருமத்தில் ஆழ்ந்த ஞானம் பெற்றவர். அவ்வூரில் நிலையாகத் தங்கியிருந்தவர் சுதம்மர் என்ற பிக்ஷு; அவரைக் கேளாமல் சித்தர் எந்தத் துறவியையும் விருந்துக்கு அழைப்பதில்லை. ஒருமுறை சாரிபுத்தரும் மொக்கல்லானரும் வேறு பல பெருந்தேரர்களும் அங்கே வர, அவர்களுடைய அறவுரையில் உள்ளம் நெகிழ்ந்த சித்தர், அவர்களை மறுநாள் அமுதுண்ண அழைத்துவிட்டுப் பிறகே சுதம்மரிடம் சென்று அவரையும் அழைத்தார். தம்மை முதலில் கேட்கவில்லையே என்ற அசூயை சுதம்மரைப் பற்றிக்கொண்டது. வர மறுத்தவர், மறுநாள் காலையில் விருந்து எவ்வாறு ஆயத்தமாகிறது என்று பார்க்கும் பாவனையில் சித்தரின் வீட்டுக்குப் போய், எல்லாம் ஏராளமாக இருக்கிறது, எள்ளுப் பணியாரம் ஒன்றுதான் குறைகிறது என்றார். சித்தரின் முன்னோரில் ஒருவர் பணியாரம் விற்றுப் பிழைத்தவர் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றும் அந்த ஒரு பேச்சில், ஒரு குடும்பத்தின் பிறப்பைக் குத்திக் காட்டும் விஷம் இருந்தது.

சுதம்மரே சாவத்திக்குப் போய் நடந்ததைப் பகவானிடம் சொன்னார். சிரத்தையுள்ள உபாசகர் ஒருவரை இழிவுபடுத்தியதற்காக அவரைக் கண்டித்த பகவான், சங்கம் கூடி அவர்மீது படிசாரணீயம் என்ற நடவடிக்கையை எடுக்கும்படி ஆணையிட்டார். சுதம்மர் வந்த வழியே திரும்பிப் போய்ச் சித்தரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த நடவடிக்கை. போனார், ஆனால் அங்கே சேர்ந்ததும் வெட்கம் வாயை அடைத்துவிட, கேளாமலே சாவத்திக்குத் திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு என்ன நடந்தது என்பதுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்த இடம். கோழை என்று அவரைத் தள்ளிவிடாமல், போனது போகட்டும் என்று விட்டுவிடவும் செய்யாமல், அவருக்குத் துணையாக ஒரு பிக்ஷுவை உடன் அனுப்பும்படி சங்கத்துக்குக் கட்டளை பிறந்தது.

அந்தத் துணைவர் செய்ய வேண்டியவற்றை விநயம் படிப்படியாக விதிக்கிறது. முதலில் குற்றம் செய்தவரே இல்லறத்தாரிடம் மன்னிப்பு வேண்ட வேண்டும். அவர் இசைந்தால் நல்லது. இசையாவிட்டால், இவரை மன்னியுங்கள் என்று துணைவர் வேண்ட வேண்டும். அதற்கும் இசையாவிட்டால், என் பொருட்டு மன்னியுங்கள் என்றும், அதற்கும் மனம் இரங்காவிட்டால், சங்கத்தின் பெயரால் மன்னியுங்கள் என்றும் கேட்க வேண்டும். அப்போதும் அவர் மன்னிக்கவில்லையென்றால், அவர் காணவும் கேட்கவும் கூடிய தூரத்திலேயே, குற்றம் செய்த பிக்ஷு மேலாடையை ஒரு தோளில் ஒதுக்கிக்கொண்டு, குத்துக்காலிட்டு அமர்ந்து, கைகளைக் கூப்பித் தம் குற்றத்தைத் தம் வாயால் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை விதிகளிலும் சித்தருக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுகூட இல்லை. அவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். மன்னிக்காததற்காக அவரைக் குறை சொல்லும் வார்த்தையும் அங்கே கிடையாது. நடக்க வேண்டிய தூரம், படவேண்டிய வெட்கம், சொல்ல வேண்டிய உண்மை ஆகிய அனைத்தும் தீங்கு செய்தவரின் தலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாரத்தில் ஒரு பங்கைச் சங்கம் தானும் ஏற்றுக்கொள்கிறது.

இது ஒரு சுடுசொல்லால் விளைந்த சிறு பிணக்கு. ஒரு தேசமே சுடுகாடாகிப் போன இடத்தில், கொன்றவனும் கொலையுண்டவனின் மகளும் ஒரே ஊர்க் குளத்தில் தண்ணீர் மொள்ள வேண்டியிருக்கும் இடத்தில், இந்த விதிகளுக்கு என்ன பொருள் என்று கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு விடை தேடக் கம்போடியாவை விடப் பொருத்தமான நாடு வேறில்லை.

1975 ஏப்ரல் 17ஆம் தேதி புனோம் பென் நகரைக் கைப்பற்றிய போல் பாட்டின் கெமர் ரூஜ் படையினர், 1979 ஜனவரியில் வியட்நாம் படையால் விரட்டப்படும்வரை ஆண்ட காலத்தில், பட்டினியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் கொலையாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். விகாரைகள் நெற்களஞ்சியங்களாகவும் சிறைகளாகவும் கொலைக்களங்களாகவும் மாற்றப்பட்டன, பிக்ஷுக்கள் பலவந்தமாகக் காவியைக் களைந்து வயலுக்கு விரட்டப்பட்டனர், மறுத்தவர்கள் கொல்லப்பட்டனர். புத்தர் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சவேண்டிய அந்த நாட்களில் உயிர் பிழைத்த பிக்ஷுக்களில் ஒருவர் மஹா கோசானந்தர்.

தாக்கியோ மாகாணத்துக் குடியானவர் குடும்பத்தில் பிறந்த அவர், நம் பீகார் நாட்டு நாலந்தாவுக்கு வந்து படித்தவர். காந்தியடிகளிடம் பேரன்பு கொண்டிருந்த ஜப்பானியத் துறவி நிச்சிதட்சு பூஜியிடம் அகிம்சை பயின்றவர். பிறகு தாய்லாந்தின் தென்பகுதியில் ஒரு காட்டு மடத்தில் தியானத்தில் இருந்ததால், கம்போடியா எரிந்த காலத்தில் எல்லைக்கு அப்பால் இருந்தார். அவருடைய குடும்பத்தார் எல்லோரும் மாண்டுபோனார்கள். அகதிகள் எல்லையைக் கடந்து வரத் தொடங்கியதும் காட்டை விட்டு இறங்கிய அவர், தாய்லாந்து மண்ணில் அமைந்த சா கேவ் முகாமுக்குப் போனார். அந்த முகாமுக்குள்ளேயே கெமர் ரூஜ் ஆட்களின் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. ஆயினும், ஒரு காவியாடை நடந்து வருவதைக் கண்ட ஜனங்கள், பல ஆண்டுகளாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தவர்களாய் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர் பிரசங்கம் செய்யவில்லை. மைத்திரி சூத்திரம் அச்சிட்ட காகிதங்களைக் கையில் கொடுத்தார். பாலியிலும் கெமர் மொழியிலுமாக அந்தத் தம்மபத வாக்கைத் திரும்பத் திரும்ப ஓதினார். தலைகுனிந்து கேட்டவர்கள் தாங்களும் சேர்ந்து ஓதத் தொடங்கி, பிறகு ஓத முடியாமல் அழுதார்கள்.

மேடைப் பேச்சில் வரும்போது நமக்குச் சலிப்பூட்டும் அதே வாக்கு அங்கே மருந்தாக வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. ஓதியவர் தாமும் எல்லாவற்றையும் இழந்தவர். கொன்றவனை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. உன் உள்ளே எரிவது உன்னையே தின்கிறது என்பதைத்தான் நினைவூட்டினார். துவேஷத்தை விடுவது ஒருவன் தன் நோய்க்குத் தானே செய்துகொள்ளும் சிகிச்சை. அதற்குப் பகைவன் வந்து மன்னிப்புக் கேட்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் சமாதானம் வேறு. அது இருவர் சேர்ந்து செய்வது. அதில் முதல் அடி எடுத்துவைக்க வேண்டியவன் தீங்கு செய்தவன். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, உன் மனம்தான் அமைதியடைந்துவிட்டதே, இனி விசாரணை எதற்கு என்று கேட்பது, கடன் வாங்கியவன் வீட்டுக்குள் படுத்திருக்கக் கடன் கொடுத்தவனைப் பார்த்துப் பத்திரத்தைக் கிழித்துப்போடு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

1991 அக்டோபரில் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. காகிதத்தில் வந்த சமாதானம் கிராமங்களுக்கு நடந்தே போய்ச் சேர வேண்டும் என்று கருதிய கோசானந்தர், 1992ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் அகதிகளையும் பிக்ஷுக்களையும் அழைத்துக்கொண்டு எல்லையிலிருந்து புனோம் பென் வரை கால்நடையாகச் சென்றார். தம்மயாத்திரை என்று பெயர் பெற்ற அந்தப் பயணத்தில், வழிநெடுகக் கிராமத்தார் வாளிகளில் தண்ணீரும் கையில் ஊதுவத்தியுமாக விடியற்காலையிலேயே சாலையோரம் காத்திருந்தார்கள். பிக்ஷுக்கள் எரியும் வத்தியை வாங்கித் தண்ணீரில் அமிழ்த்தி அணைத்து, அந்தத் தண்ணீரை அவர்கள் தலையில் தெளித்துக்கொண்டே நடந்தார்கள். பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினர்கள் அந்தச் சாலையோரத்தில் ஒருவரையொருவர் கண்டு கட்டிக்கொண்டார்கள். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும் அதைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் காட்டினார்கள். எந்தக் கட்சிப் படையாள் என்று யாரும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சுகமாக முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். 1993இல் தேர்தலுக்கு முன் நடந்த இரண்டாம் யாத்திரை சியம் ரீப்பில் புறப்படவிருந்த சமயத்தில், யாத்திரிகர்கள் தங்கியிருந்த விகாரையைச் சுற்றிச் சண்டை மூண்டு, உள்ளே வந்து விழுந்த கையெறிகுண்டு வெடிக்காததால் பலர் உயிர் தப்பினார்கள். மறு ஆண்டு பட்டம்பாங் பகுதியில், இரு படைகளுக்கும் இடையே அகப்பட்டு ஒரு பிக்ஷுவும் ஒரு பெண் துறவியும் மாண்டார்கள். அதற்கடுத்த ஆண்டிலும் யாத்திரை நடந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு அழிந்துவரும் காடுகளுக்காக நடந்து மரம் நட்டார்கள். கோசானந்தர் 2007 மார்ச்சில் அமெரிக்காவில் காலமானார்.

ஆனால் தீங்கு செய்தவர்கள் நடந்தார்களா? போல் பாட் முறையான எந்த நியாயஸ்தலத்திலும் நிற்காமல் 1998இல் இறந்தான். துவோல் ஸ்லெங் என்னும் சிறைக்குத் தலைவனாயிருந்து பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சித்திரவதை செய்து சாவுக்கு அனுப்பிய டூச் என்பவன், வேறு பெயரில் மறைந்து வாழ்ந்து கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய பின், 1999இல் அடையாளம் காணப்பட்டுக் கைதானான். ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு அமைந்த நீதிமன்றத்தில் 2009இல் அவனுடைய விசாரணை நடந்தது. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மாண்டவர்களின் உற்றார் முன் வருத்தம் தெரிவித்தான். மாதக்கணக்கில் இவ்வாறு பேசி வந்தவன், விசாரணையின் கடைசி நாளில் எழுந்து, தன்னை விடுதலை செய்யுமாறு கேட்டான்! அந்த ஒரு வார்த்தையில், அதுவரை சொன்ன வருத்தமெல்லாம் கேட்டவர்களின் காதில் பொய்யாகிப் போயிற்று. 35 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் 2012 பிப்ரவரியில் ஆயுள் தண்டனையாக உயர்ந்தது. 2020இல் அவன் சிறைவாசத்திலேயே இறந்தான்.

அவனருகில் அங்குலிமாலரை நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாக அணிந்த கொள்ளைக்காரர் பிக்ஷுவாகி ஞானமும் பெற்றார் என்ற பாதி வரலாறுதான் பலருக்குத் தெரியும். மற்றப் பாதி மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. சாவத்தித் தெருவில் பிச்சைக்குப் போன அங்குலிமாலர் மீது கல்லும் கட்டியும் கழியும் வந்து விழுந்தன. தலை உடைந்து இரத்தம் வழிய, பாத்திரம் நொறுங்கி, ஆடை கிழிந்து திரும்பியவரைக் கண்ட பகவான், தாங்கிக்கொள், நெடுங்காலம் நரகத்தில் அனுபவிக்க வேண்டிய வினையின் பயனை இப்போதே அனுபவிக்கிறாய் என்ற கருத்தில் பேசினார். கல்லெறிந்தவர்களைப் பகவான் கண்டித்ததாகச் சூத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. அங்குலிமாலரும் அவர்கள்மீது குறை சொல்லவில்லை. நான் மாறிவிட்டேன், ஆகையால் என்னை விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை என்பதே அவர் மாறியதற்கு அத்தாட்சி. பச்சாத்தாபம் மெய்யா பொய்யா என்று அறிய இதைவிட நல்ல உரைகல்லை நான் கண்டதில்லை.

டூச்சை விசாரித்த அந்த நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தன் கடைசித் தீர்ப்பை அளித்தபோது, அதுவரை தண்டனை பெற்றவர்கள் மொத்தம் மூவர். பதினேழு இலட்சம் சாவுகளுக்கு மூவர் என்பது நீதியாகுமா என்று கேட்பவருக்கு நான் மறுமொழி சொல்ல மாட்டேன். எனினும் டூச்சின் வழக்கில் நீதிமன்றம் அளித்த பரிகாரம் யோசிக்கத் தக்கது. மாண்டவர்களின் பெயர்களைத் தீர்ப்பிலேயே எழுதுவதும், அவன் விசாரணையில் சொன்ன மன்னிப்பு வார்த்தைகளை எல்லாம் தொகுத்து வெளியிடுவதுமே அது. பணம் இல்லை, நிலம் இல்லை. பலருக்கு அது அவமானமாகக் கூடத் தோன்றியது; அவர்களுடைய கோபத்தில் நியாயம் உண்டு.

கம்போடியர்களின் ஆறாத மனத்துக்கு நீதிமன்றத்தைக் காட்டிலும் அதிக ஆறுதல் தருவது, ஆண்டுதோறும் வரும் பதினைந்து நாள் பித்ரு விழா என்றே நினைக்கிறேன். பிச்சும் பென் என்று அவர்கள் சொல்லும் அந்த விழா, நம்முடைய மகாளய பட்சம் வரும் அதே தேய்பிறையில்தான் வருகிறது. இருள் பிரியாத நேரத்தில் விகாரைக்குப் போய், எள் கலந்து பிசைந்த சோற்றை உருண்டைகளாக்கி, கோயிலைச் சுற்றி வந்து இருளில் எறிகிறார்கள். பசித்த பிரேதங்கள் ஏழு விகாரைகளில் தம் மக்கள் படைத்ததைத் தேடி அலையும், கிடைக்காவிட்டால் சபிக்கும் என்பது நம்பிக்கை. கொலைக்களத்தில் சடங்கின்றிப் புதைக்கப்பட்ட தகப்பனுக்கும், எங்கே விழுந்தான் என்றே தெரியாத தமையனுக்கும், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று ஒரு பெண் வீடு திரும்புகிறாள். இங்கே மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. செத்தவர்களுக்குச் செய்யும் கடமையின் வழியாக இருப்பவர்களின் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகுகிறது. சோயுங் ஏக் கொலைக்களத்தில் 1988இல் எழுப்பிய தூபியின் கண்ணாடிக்குப் பின்னால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மண்டையோடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை முறைப்படி தகனம் செய்தால்தான் அந்த ஆவிகள் சாந்தியடையும் என்று சிஹனூக் மன்னர் வற்புறுத்தினார். சாட்சியத்தை எரிக்கலாகாது என்று அரசாங்கம் மறுத்துவிட்டது. இரு பக்கமும் நியாயம் இருப்பதால் இந்த வழக்கைத் தீர்ப்பது எளிதன்று.

தமிழில் பௌத்தம் எழுதிவைத்த பெருங்காப்பியமான சாத்தனாரின் மணிமேகலையிலும் இதே பிரச்சினை வருகிறது. உதயகுமாரனைக் காஞ்சனன் வாளால் வெட்டி வீழ்த்த, மகனை இழந்த அரசமாதேவி அந்தப் பழியை மணிமேகலையின் மீது சுமத்தி, மருந்தூட்டிப் பித்துப் பிடிக்கச் செய்யவும், முரடன் ஒருவனை ஏவி மானபங்கம் செய்யவும், புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடவும் முயல்கிறாள். எதுவும் பலிக்காமற் போக, அஞ்சி நடுங்கி மணிமேகலையின் முன் வணங்குகிறாள். மணிமேகலை அதைப் பொறாமல், முற்பிறவியில் தன் கணவனாயிருந்தவனைப் பெற்ற தாய் என்று கருதி அவளைத் தானும் வணங்குகிறாள். ஆனால் அந்த வணக்கத்துக்கு முன், மகன் மாண்டதன் காரணத்தையும், அவள் தனக்கு இழைத்த கொடுமைகளையும் ஒன்று விடாமல் அவள் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லிவிடுகிறாள். சாத்தனார் இந்த வரிசையைத் தற்செயலாக அமைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மணிமேகலையைப் படித்து வளர்ந்த தமிழர்களுக்குக் கடல் கடந்த அண்டை நாட்டின் நினைவு வராமல் இராது. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் நிதி மந்திரியாயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா அதே தம்மபத வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் தம் நாடு நஷ்ட ஈடு கோராது என்று அறிவித்தார். ஜப்பானியர் இன்றும் நன்றியோடு நினைக்கும் பேச்சு அது, உயர்ந்த பேச்சுத்தான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் உயிர்களும் எரிந்தபோது, அந்நாட்டின் ஜனாதிபதியாக அமர்ந்திருந்தவரும் அவரே. தூர தேசத்தவன் செய்த தீங்கைப் பொறுக்கும்போது நாவில் எளிதாக வந்த வாக்கு, பக்கத்து வீட்டானுக்குத் தன் கண்முன் நடந்த தீங்குக்குப் பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில் வரவில்லை. காணாமற் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. அவர்கள் பழிவாங்கக் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இலங்கையின் மகாசங்கத்தாரை நான் கேட்டுக்கொள்வது இதுதான். விநயபிடகத்தை உங்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காத்து வந்தவர்கள் நீங்களே. சுதம்மருக்குத் துணையாகச் சங்கம் அனுப்பிய பிக்ஷுவைப் போல, உங்களில் சிலர் அதிகாரத்தில் இருப்பவர்களின் கையைப் பிடித்து அந்தத் தாய்மாரின் பந்தலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் மன்னிக்க மறுத்தாலும், அவர்கள் காணவும் கேட்கவும் உண்மையைச் சொல்ல வையுங்கள். தமிழர்களாகிய நாமும் இந்த விதிக்கு வெளியே நிற்க முடியாது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்கள் துப்பாக்கி முனையில் சில மணி நேர அவகாசத்தில் சொந்த வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டதும், அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1985இல் அநுராதபுரத்தில் மகாபோதியை வணங்க வந்த யாத்திரிகர்கள் மாண்டதும் நம் பெயரால் ஏந்திய ஆயுதங்களால் நடந்தவை. மறுபக்கத்தார் முதலில் வருவார்களா என்று பார்த்திருக்காமல், நாம் போக வேண்டிய வாசல்களுக்கு நாம் முதலில் போவோம்.